யோர்ன் தரப்பு

ஒளிபரப்பு நிறுவனத்துக்குப் பிரேபன் எழுதிய கடிதத்தில் மூன்று வரிகள்தான் இருந்தன. "'பெரும்பான்மை' ஏழாம் பகுதியைப் பார்த்தேன். யோர்ன் வீட்டை விட்டுப் போனது தப்பு. அவன் திரும்பி வருவானா என்று முடிந்தால் சொல்லவும்." நடு வரியை மட்டும் எழுதாமல் விட்டிருந்தால் அவர் பாட்டுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு இருந்திருப்பார். நாடும் பத்தாம் பகுதியைப் பார்த்து முடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி என்றால் எங்கள் நாட்டில் திருடன்கூட வீட்டில்தான் இருப்பான். அந்த இலையுதிர் காலத்தில் எல்லோரும் பார்த்தது 'பெரும்பான்மை' என்ற தொடர். அதில் ஆல்மா வேளாண் மந்திரி. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் நிற்கும் அரசாங்கத்தைத் தோளில் தாங்குகிறவள். அவள் கணவன் யோர்ன் பள்ளிக்கூடத்தில் இசை வாத்தியார். ஆறாம் பகுதியில், பன்றி வளர்ப்போர் சங்கத்தோடு உடன்படிக்கையை முடித்துவிட்டு ஆல்மா வீட்டுக்கு வந்தபோது, யோர்ன் கையில் பையோடு நின்றான். "இன்னைக்கு உனக்கு எப்படிப் போச்சுன்னு பதினோரு வருஷத்துல நீ ஒரு தடவை கேட்கல" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அவ்வளவுதான். மறுநாள் காலை ரொட்டிக் கடை வரிசையில் ஆல்மா பக்கம் பேசியவர்களும் யோர்ன் பக்கம் பேசியவர்களும் தள்ளித் தள்ளி நின்றார்கள்.

பிரேபன் ஹோப்ரோ என்ற சிறிய ஊரில் குடிநீர் நிலையத்தில் முப்பத்துநான்கு வருடம் வால்வு பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த ஆறாம் பகுதி முடிந்ததும் அவர், "ஒரு கேள்வி கேட்கலன்னு ஒருத்தன் வீட்டை விட்டுப் போவானா?" என்றார்.

சோபாவின் மறுமுனையில் பின்னிக்கொண்டிருந்த அவர் மனைவி பிர்தே ஊசியை நிறுத்தினார்.

"நீ கடைசியா எப்பக் கேட்ட?"

"எதை?"

"அதைத்தான்."

திங்கட்கிழமை காலை பிர்தே ஒரு சின்னப் பையோடு ஆல்போர்க்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனார். கோபம் ஒன்றுமில்லை, கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றார். கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அறைந்து சாத்தியிருந்தால் பிரேபனுக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

அடுத்த ஞாயிறு ஏழாம் பகுதி முடிந்ததும், சரியாக ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"பார்த்தியா?" என்றார் பிர்தே.

"பார்த்தேன். யோர்ன் அவன் தம்பி வீட்டுல சோபாவுல படுத்திருக்கான்."

"முதுகு போயிடும்."

"ஆல்மாவுக்குக் கொஞ்சமாவது உறைச்சிருக்கும்னு நினைக்கிற?"

"அவ பட்ஜெட்டப் பத்தி யோசிச்சுக்கிட்டிருக்கா. நீ பார்க்கலையா? பல் தேய்க்கும்போதுகூட உதடு எண்ணிக்கிட்டே இருந்துச்சு."

இருபது நிமிடம் பேசினார்கள். ஆல்மாவையும் யோர்னையும் பற்றி மட்டும். தங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வைத்த பிறகுதான், தன் மனைவியோடு இருபது நிமிடம் சேர்ந்தாற்போல் பேசி எத்தனை வருடம் ஆயிற்று என்று பிரேபன் யோசித்துப் பார்த்தார். கணக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறு பேச இன்னும் கொஞ்சம் சரக்கு இருக்கட்டும் என்றுதான் அந்தக் கடிதத்தை எழுதினார்.

புதன்கிழமை கோபன்ஹேகனிலிருந்து அழைப்பு வந்தது. பார்வையாளர் உறவுப் பிரிவாம். மலேனா என்ற பெண் பேசினாள்.

"பிரேபன், உன் கடிதத்துக்கு ரொம்ப நன்றி. உன் உணர்ச்சிய நாங்க மதிக்கிறோம்."

எங்கள் நாட்டில் மந்திரிக்கும் 'நீ'தான், மாடு பார்க்கிறவனுக்கும் 'நீ'தான். அதனால்தான் யார் கையில் அதிகாரம் இருக்கிறது என்று கண்டுபிடிக்க நாள் பிடிக்கும்.

"அவன் திரும்பி வருவானா?" என்று கேட்டார் பிரேபன்.

"அது ரெண்டாவது விஷயம். முதல்ல, நீ யோர்ன் செஞ்சது தப்புன்னு எழுதியிருக்க. ஒரு தரப்புக்குப் பாதகமா ஒரு கருத்து வந்தா, அந்தத் தரப்பைக் கேட்காம நாங்க எதுவும் முடிவு பண்ண முடியாது. விதி அப்படி."

"நீங்க எதையும் முடிவு பண்ண வேண்டாமே. வருவானா மாட்டானான்னு சொன்னாப் போதும்."

"அதைச் சொல்றதும் ஒரு முடிவுதான், பிரேபன்."

"யோர்ன் நிஜ ஆள் இல்லையே."

மறுமுனையில் தட்டச்சு செய்யும் ஓசை கேட்டது. "அதை உன் கருத்தா எழுதிக்கிறேன்" என்றாள் மலேனா. "ஆனா அதுவும் அவருக்குப் பாதகமாத்தான் இருக்கு."

யோர்னுக்குக் கடிதம் போனது. தொடரில் அவன் வீட்டு வாசலில் இருந்த பலகையைப் பார்த்தே முகவரியை எடுத்திருந்தார்கள்: கயிற்றுத் தெரு 14, மூன்றாம் மாடி, இடது. பதில் சொல்ல பதினான்கு நாள் அவகாசம். வழக்கு நடக்கும்போது எந்தத் தரப்பின் நிலைமையும் மாறக் கூடாது என்று இன்னொரு விதி இருந்தது. எட்டாம் பகுதியில் யோர்னின் நிலைமை மாறுகிறதாம். ஆகவே எட்டாம் பகுதியை நிறுத்திவைத்தார்கள்.

அந்த ஞாயிறு எட்டு மணிக்கு, வடக்குக் கடற்கரையில் கொக்குகள் தரையிறங்குவது பற்றிய ஒரு படத்தை ஒளிபரப்பினார்கள். பிரேபன் முழுக்கப் பார்த்தார். ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. ஒன்பதரைக்குத் தொலைபேசியைக் கையில் எடுத்தார். கொக்கைப் பற்றி என்ன பேசுவது? கீழே வைத்துவிட்டார்.

எட்டாம் பகுதி ஏன் வரவில்லை என்று நாடு கேட்டது. "ஹோப்ரோவைச் சேர்ந்த ஒரு பார்வையாளரின் வேண்டுகோளின்படி" என்று நிறுவனம் விளக்கம் தந்தது. இரண்டு நாளில் அந்தப் பார்வையாளர் யார் என்று ஹோப்ரோவுக்குத் தெரிந்துவிட்டது. ரொட்டிக் கடைப் பெண் அவருக்குக் கறுப்பு ரை ரொட்டியைத் துண்டு போடாமல் முழுசாகக் கொடுத்தாள். "நீயே வெட்டிக்க" என்றாள். நீச்சல் குளத்து வெந்நீர்த் தொட்டியில் பிரேபன் இறங்கியதும் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள்.

நிறுவனத்துக்கு நாலாயிரத்து நூற்றுச் சொச்சம் கடிதங்கள் வந்து சேர்ந்தன. ஆல்மாவுக்கு ஆதரவாகப் பாதி, யோர்னுக்கு ஆதரவாகப் பாதி. மூன்று வாரமாகப் பிள்ளைகளுக்கு யார் இசை சொல்லித்தருகிறார்கள் என்று ஒரு தலைமையாசிரியர் கவலைப்பட்டிருந்தார். யோர்ன் மேல்கோட்டை மறந்துவிட்டுப் போனதைக் கவனித்த போர்ன்ஹோல்ம் தீவுப் பெண் ஒருத்தி, அவனுக்குக் கம்பளிச் சட்டை பின்னி அனுப்பியிருந்தாள். சட்டைக்கு எண் போட்டு, வழக்கின் இணைப்பாகப் பெட்டியில் வைத்தார்கள்.

பிரேபன் மலேனாவை அழைத்தார். "நான் கடிதத்த வாபஸ் வாங்கிக்கிறேன்."

"தாராளமா வாங்கிக்கலாம்" என்றாள் மலேனா. "யோர்ன் சம்மதிச்சா."

"அவர் பதில் போட்டாரா?"

"போட்டிருக்கார்" என்றாள். அவள் குரலில் லேசாக ஒரு பெருமிதம் இருந்தது.

உண்மையிலேயே பதில் வந்திருந்தது. கயிற்றுத் தெரு 14, மூன்றாம் மாடி இடதில் வெர்னர் என்ற எழுபத்தொன்பது வயதுக்காரர் குடியிருந்தார். அவரிடம் தொலைக்காட்சிப் பெட்டி கிடையாது. அரசு முத்திரை போன்ற ஒன்றை உறையில் பார்த்துவிட்டு, நல்ல குடிமகனாக அன்றே பதில் எழுதிவிட்டார்: "நான் யாரையும் விட்டுப் போகவில்லை. என் மனைவிதான் போனாள். அதுவும் பதினாறு வருடத்துக்கு முன்னால். இப்போது ஏன் கேட்கிறீர்கள் என்று தெரியவில்லை. ஆனால் கேட்டதற்கு நன்றி. இதுவரை யாரும் கேட்டதில்லை."

கோபன்ஹேகனில் கூட்டம் வைத்தார்கள். முறையீட்டாளர் என்ற முறையில் பிரேபன் நேரில் வர வேண்டும் என்று மலேனா எழுதியிருந்தாள். கடைசி வரியில், "குழுவில் நீதான் புதிது என்பதால், வழக்கப்படி கேக் உன் பொறுப்பு" என்று இருந்தது.

பிரேபன் வாழ்நாளில் கேக் செய்ததில்லை. கடையில் வாங்கலாம்தான். ஆனால் எங்கள் நாட்டில் கூட்டத்துக்குக் கடைக் கேக் கொண்டுவந்தவனின் பேச்சை யாரும் காதில் வாங்குவதில்லை. முந்தின நாள் காலை, தொலைபேசியை எடுத்து ஆல்போர்க்குக்கு அடித்தார்.

"கனவுக் கேக் எப்படிப் பண்றது?"

பிர்தே, "யாருக்கு?" என்றார்.

"யோர்னுக்கு."

"ஓ. அந்த ஹோப்ரோ ஆள் நீதானா."

"நான்தான்."

"அக்கா உன்னைத் திட்டித் தீர்க்கிறா. அவ ஆல்மா கட்சி." பிர்தேயின் குரலில் சிரிப்பு இருந்ததா என்று பிரேபனுக்குத் தெரியவில்லை. "முட்டை நாலு எடு. சர்க்கரையோட நல்லா நுரைக்க அடி. நீ அடிக்கிறதுல பாதியில நிறுத்திடுவ, நிறுத்தாத. மேல ஊத்துற தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் கொதிக்கணும். என் நீல விளிம்புத் தட்டுல பண்ணு. வேற எதுலயும் அடி பிடிக்கும்."

"சரி."

"தட்டு பத்திரம், பிரேபன். திரும்ப வீட்டுக்கு வரணும்."

பிரேபன் மறுபடியும் "சரி" என்றார். வைத்த பிறகு, இந்தப் பேச்சில் ஆல்மா ஒரே ஒரு தடவைதான் வந்தாள் என்பது நினைவுக்கு வந்தது.

கூட்ட அறையில் ஏழு நாற்காலிகள். ஆல்மா தரப்புக்கு இரண்டு, யோர்ன் தரப்புக்கு இரண்டு, தீவுகளின் சார்பில் ஒன்று, இன்னும் முடிவு செய்யாதவர்களின் சார்பில் ஒன்று. ஏழாவதில் தலைவர் தோர்கில். பிரேபனுக்கு ஜன்னல் பக்கம் ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். பட்டப்பகலில் நடுமேஜையில் இரண்டு மெழுகுவத்திகள் எரிந்தன. முதலில், சென்ற கூட்டத்தின் குறிப்புகளுக்கு ஒப்புதல் பெற வேண்டும். இதுதான் முதல் கூட்டம் என்பதால் குறிப்புகள் இல்லை. இல்லாததை ஒப்புக்கொள்ளலாமா என்று இருபத்தைந்து நிமிடம் பேசி, ஒரு மாற்றத்தோடு ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு தோர்கில் எழுந்தார். நிதானமான மனிதர். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே, பார்வையாளர் என்ன உணரணும்னு இந்த நிறுவனம் ஒருநாளும் சொன்னதில்ல. அவங்க உணர்ந்தது சரியான படிவத்துல இருக்கான்னு மட்டும்தான் பார்ப்போம். நான் இருபத்தாறு வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். நம்ம நாடகம் ஒண்ணைக்கூட நான் பார்த்தது கிடையாது. பார்த்தா ஏதாவது ஒரு பக்கம் பிடிச்சுப்போயிடும். அப்புறம் நடுநிலை எங்கிருந்து வரும்? நல்ல வேளையா எனக்கு எந்தப் பக்கமும் பிடிச்சதில்ல. இந்தத் தகுதி தானா வந்ததில்ல. பழகணும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். இன்னும் முடிவு செய்யாதவர்களின் பிரதிநிதி, பாதி தலையாட்டி நிறுத்திக்கொண்டார்.

மலேனா வெர்னரின் கடிதத்தைப் படித்துக் காட்டினாள்.

"அப்ப யோர்ன் போகல" என்றார் தோர்கில்.

"போகல. ஆல்மாதான் போயிருக்கா" என்றார் யோர்ன் தரப்புக்காரர், கொஞ்சம் ஈரமான குரலில்.

"எழுதினது யோர்ன் இல்ல" என்றார் பிரேபன். "அந்த வீட்டுல குடியிருக்கிற பெரியவர்."

தோர்கில் கண்ணாடியை இறக்கி, அவரைப் பரிவோடு பார்த்தார். "பிரேபன், தரப்புக்குக் கடிதம் போட்டோம். தரப்பு முகவரியிலருந்து பதில் வந்திருக்கு. நேரத்துக்கு வந்திருக்கு. கையெழுத்தும் இருக்கு. இதுக்கு மேல ஒரு மனுஷன் நிஜமா இருக்கறதுக்கு என்ன பண்ணணும்?"

முப்பத்துநான்கு வருடம் பிரேபன் பார்த்தது தண்ணீரை. வால்வைத் திருப்பினால் வரும், மூடினால் நிற்கும்.

"நான் வந்தது ஒண்ணே ஒண்ணுக்காக" என்றார். "மீதி மூணு பகுதியையும் போட்டுடுங்க. எனக்கு எப்படி முடிஞ்சாலும் சரி. ஞாயித்துக்கிழமை அது வரணும். வந்தாத்தான் என் மனைவி ஃபோன் பண்ணுவா."

மலேனாவின் விரல்கள் தட்டச்சுப் பலகையின் மேல் நின்றன. அவள் தலைவரைப் பார்த்தாள்.

"இது நிகழ்ச்சி நிரல்ல இல்லையே" என்றார் தோர்கில். "முறையீட்டாளர் கருத்து ஏதும் சொல்லலன்னு போட்டுக்க."

அப்படியே போட்டுக்கொண்டாள்.

கேக்கை வெட்டினார்கள். நன்றாக வந்திருந்தது. தீவுகளின் பிரதிநிதி மூன்று துண்டு சாப்பிட்டார். மூன்றாவது துண்டு பாதியில் இருக்கும்போது ஆல்மா தரப்புப் பெண்ணுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வழக்கில் சம்பந்தப்பட்ட ஒருவர் கொண்டுவந்த பொருளை முடிவு எடுக்கிறவர்கள் வாங்கிக்கொள்ளலாமா? அன்பளிப்பு ஆகாதா? மேஜையைச் சுற்றி மெல்லுவது நின்றது. சாப்பிட்டதைத் திருப்பித் தர வழியில்லை என்பதால் கேக்கை விட்டுவிட்டு, நீல விளிம்புத் தட்டுக்கு எண் போட்டு எடுத்துக்கொண்டார்கள். அது கம்பளிச் சட்டை இருந்த பெட்டிக்குள் போனது.

"எப்பத் திருப்பித் தருவீங்க?" என்றார் பிரேபன்.

"வழக்கு முடிஞ்சு அஞ்சு வருஷம் கழிச்சு" என்றாள் மலேனா. வாசல்வரை கூடவே வந்தவள், யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, "எனக்கும் அவன் வரணும்னுதான் ஆசை" என்றாள். உடனே முகம் சிவந்து, "இத எங்கயும் சொல்லிடாத" என்றாள்.

மாலைக்குள் பரந்த உடன்பாடு எட்டப்பட்டது. ஆல்மா தரப்பும் யோர்ன் தரப்பும் தீவுகளும் கையெழுத்திட்டன. இன்னும் முடிவு செய்யாதவர் நிபந்தனைக் குறிப்போடு கையெழுத்திட்டார். எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்று பகுதிகள் இருந்தால் மூன்று இடங்களில் சர்ச்சை வரும் என்பதால், மூன்றையும் ஒன்றாக்கி ஒரே மணி நேரத்தில் முடித்துவிடச் சொல்லிக் கதாசிரியருக்கு உத்தரவு போனது. கதாசிரியர் ராஜினாமா செய்தார். அதையும் இணைப்பாகப் பெட்டியில் வைத்தார்கள்.

எட்டாம் பகுதி நின்றுபோனதிலிருந்து ஐந்தாவது ஞாயிறு, எட்டு மணிக்கு அந்தக் கடைசிப் பகுதி வந்தது. பிரேபன் சோபாவின் தன் முனையில் உட்கார்ந்து பார்த்தார். பட்ஜெட் நிறைவேறியது. பன்றி வளர்ப்போர் சங்கம் திருப்தி அடைந்தது. முடிவில் யோர்ன் படியேறி வந்து அழைப்பு மணியை அடித்தான். ஆல்மா கதவைத் திறந்தாள். அவன் நிலைப்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே வைத்து நின்றான். உடன்பாட்டின்படி எந்தக் காலிலும் அதிக பாரம் இருக்கக் கூடாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நான்கு நிமிடம் பார்த்தார்கள். நடிகருக்குக் கடைசியில் முழங்கால் நடுங்கியது நன்றாகவே தெரிந்தது. பிறகு, உடன்பாட்டில் கையெழுத்திட்டவர்களின் பெயர்கள் திரையில் ஓடின.

ஒன்பது மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"பார்த்தியா?" என்றார் பிர்தே.

"பார்த்தேன்."

"உள்ள போவானா?"

"தெரியல. அதுக்கு ஒரு துணைக்குழு போட்டிருக்காங்க."

"அந்த ஆல்மா ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நாலு நிமிஷம் நிக்க வச்சா."

"பேசினா ஒரு பக்கம் சாஞ்சதா ஆயிடுமாம்."

பிர்தே பெருமூச்சு விட்டது கேட்டது. இனிமேல் பகுதிகள் இல்லை. அடுத்த ஞாயிறு மறுபடி கொக்குதான். இருவருக்கும் அது தெரியும். தொலைபேசியில் கம்பி இரைவது போல ஏதோ இரைந்தது. பிரேபன் சோபாவின் காலியான மறுமுனையைப் பார்த்தார். பின்னல் ஊசியால் அழுந்திய இடம் துணியில் இன்னும் இருந்தது.

"இன்னைக்கு உனக்கு எப்படிப் போச்சு?" என்றார்.



"இது எதுக்கு?" என்றார் பிர்தே. "யோர்னுக்கா?"

"இல்ல. எனக்குத்தான்."

பிர்தே சொல்லத் தொடங்கினார். பெரிதாக ஒன்றுமில்லை. அக்காவின் நாய் கம்பளத்தை நாசம் பண்ணிவிட்டது. வலது முழங்கால் மாடிப்படியில் பிடித்துக்கொள்கிறது. பேருந்தில் ஒரு பெண் பக்கத்தில் உட்கார்ந்து யோர்னுக்காக அழுதாள். பிர்தே கைக்குட்டை கொடுத்தார், அவள் அதைத் திருப்பித் தராமலே இறங்கிவிட்டாள். பிரேபன் நடுவில் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது கடினமாகவே இருந்தது, பழக்கமில்லை.

வியாழக்கிழமை மதியம் அழைப்பு மணி அடித்தது. பிரேபன் கதவைத் திறந்தார். பிர்தே நிலைப்படியில் நின்றார். கையில் அதே சின்னப் பை.

"வந்துட்டேன்னு நினைச்சுக்காத" என்றார். "என் தட்டை எடுத்துட்டுப் போக வந்தேன். சனிக்கிழமை அக்காவுக்குப் பிறந்தநாள்."

"தட்டு இங்க இல்ல."

"எங்க?"

"கோபன்ஹேகன்ல. பெட்டியில இருக்கு. யோர்னோட கம்பளிச் சட்டைக்குப் பக்கத்துல."

பிர்தே அவரையே பார்த்தார். அவர் பொய் சொல்கிறவர் அல்ல என்பது நாற்பது வருடத்தில் தெரிந்த விஷயம். பொய் சொல்லக்கூட ரொம்பப் பேச வேண்டும்.

"எப்பத் தருவாங்களாம்?"

"அஞ்சு வருஷம் ஆகும்னாங்க."

படிக்கட்டின் கீழே யாரோ சைக்கிளைச் சுவரில் சாய்க்கும் சத்தம் கேட்டது. பிர்தே முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, ஒரு செருப்பைக் கழற்றினார். பிறகு மற்றதையும்.

"அவ்வளவு நேரம் என்னால வாசல்ல நிக்க முடியாது" என்றார்.